"அசோசியேட் சொல்லுவாருல்ல சார்": சீரியலுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் வீடு. எனக்கு மகனாக நடிக்க ஒரு புதுப் பையன் வந்திருந்தான். நல்ல உயரம், கணீரென்ற குரல். சீன் பேப்பரைக் கொடுத்ததும் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனை எடுத்துவிட்டான். "டயலாக் பாக்கலையாப்பா?" என்றேன். "அசோசியேட் சொல்லுவாருல்ல சார்" என்றான்.

எனக்குச் சுரீர் என்றது. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நேரத்துக்கு வா, கேமராவைப் பார்க்காதே, சீனியருக்கு வணக்கம் சொல். இதெல்லாம் முதல் நாளே திட்டு வாங்கித் தெரிந்துகொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ப்ராம்ப்டிங்கை நம்பி உட்கார்ந்திருப்பது

வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தமிழ் சீரியல்களில் பெரும்பாலும் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு அசோசியேட்டோ (இணை இயக்குநர்) உதவி இயக்குநரோ நின்று வசனத்தைத் துண்டு துண்டாகச் சத்தமாகச் சொல்வார். நடிகர் அதைக் காதில் வாங்கித் திருப்பிச் சொல்வார். பிறகு டப்பிங்கில் புதிதாகக் குரல் பதிவாகும்போது அசோசியேட்டின் சத்தம் காணாமல் போய்விடும்.

இது சோம்பேறித்தனத்தால் வந்த பழக்கம் என்று சொல்ல மாட்டேன். தூர்தர்ஷனில் பதின்மூன்று வாரத் தொடர் எடுத்த காலத்தில் ஒத்திகைக்கு நேரம் இருந்தது. வாரத்துக்கு ஐந்தாறு எபிசோடு ஓடும் தினசரித் தொடர்கள் வந்த பிறகு கதை மாறிவிட்டது. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுக்குள் ஒரு எபிசோடாவது தேற வேண்டும். சீன் பேப்பரே சில நாள் மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வாட்ஸ்அப்பில் வரும். எட்டுப் பேர் நிற்கும் கூடத்துச் சீனில் எல்லோரும் மனப்பாடம் செய்து வரட்டும் என்று காத்திருந்தால் சூரியன் இறங்கிவிடும். ஆக, ப்ராம்ப்டிங் இல்லாமல் அந்த வண்டி ஓடாது. ஓடும் வண்டியில் நாம் தூங்கிப்போவதுதான் பிரச்சினை.

அது நடிகரை என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். முதலில் கண். எதிரே அழுதுகொண்டு நிற்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், ஆனால் கண்ணில் ஒரு வெறுமை வரும். கவனம் முழுக்கக் காதுக்குப் போய்விட்டது. க்ளோஸ்-அப் வைத்தால் அது அப்படியே தெரியும். பெரும்பாலானவர்கள் இதை மறைக்கப் புருவத்தைச் சுருக்குவார்கள். சீரியலில் எல்லோரும் எப்போதும் ஏதோ யோசனையில் இருப்பதுபோலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது இராகம். அசோசியேட் ஒரு வாக்கியத்தை எங்கே உடைக்கிறாரோ அங்கேதான் நீங்களும் உடைப்பீர்கள். "நான் இந்த வீட்டுக்கு" என்று அவர் மூச்சு விடுவார். நீங்களும் அங்கே நிறுத்துவீர்கள். "மருமகளா வந்ததிலேர்ந்து" என்பார். அதையும் அதே ஏற்ற இறக்கத்தில் சொல்வீர்கள். அந்த வீட்டில் மாமனார், மருமகள், வில்லி, வேலைக்காரி எல்லோரும் ஒரே ஆளின் இராகத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த ஆள் திரையிலேயே இருக்க மாட்டார்! டப்பிங்கில் வேறு குரல் போட்டாலும், வாயசைவு அந்த இடத்தில்தானே உடைந்திருக்கிறது. குரல் கொடுப்பவரும் அங்கேதான் உடைத்தாக வேண்டும்.

மூன்றாவது, எதிராளி பேசுவதைக் கேட்கவே மாட்டீர்கள். அடுத்து உங்களுக்கு என்ன வரப்போகிறது என்று அசோசியேட் பக்கம் காதை வைத்துக் காத்திருப்பீர்கள். கேட்காதவனுக்கு ரியாக்ஷன் எங்கிருந்து வரும்?

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரே தொடரில் மூன்று வருடம் கணவனாக நடித்தேன். ஒரு நாள்கூட வீட்டில் வசனம் பார்த்ததில்லை. 'ஒன் டேக் ஆர்ட்டிஸ்ட்' என்று யூனிட்டில் பெயர். அந்தப் பெயரில் மிதந்துகொண்டிருந்தபோது ஒரு படத்தில் தாசில்தார் வேடம் கிடைத்தது. ஐந்து நாள் கால்ஷீட், கதையைத் திருப்பும் ஒரு பஞ்சாயத்துச் சீன். இடம் தேனி பக்கம் ஒரு கிராமம். முந்தின நாளே சீன் பேப்பரை ரூமுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வரி இருக்கும். கட்டிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் ஷாட்டில் நின்றபோதுதான் கவனித்தேன், என் தலைக்கு மேலே பூம் மைக் தொங்கிக்கொண்டிருந்தது. லைவ் சவுண்ட். அதாவது டப்பிங் கிடையாது, அங்கே பேசுவதுதான் படத்தில் வரும். 2004இல் வந்த விருமாண்டி படத்தைக்கூட அப்படித்தான் எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். நம் தலைக்கு மேல் அந்த மைக் வரும் என்று மட்டும் தோன்றவில்லை. அசோசியேட்டைத் தேடினேன். அவர் மானிட்டருக்குப் பின்னால் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அவர் முணுமுணுத்தால்கூடப் பதிவாகிவிடும்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வரி பாதி வந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. மறந்துபோனதுபோலக்கூட இல்லை, மறக்க ஏதாவது உள்ளே போயிருக்க வேண்டுமே. எனக்கு எதிரே ஊர்க்காரர்கள் நாற்பது பேர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவது டேக்கில் ஒரு பாட்டி என் அடுத்த வரியை எனக்கு எடுத்துக் கொடுத்தார். கேட்டுக் கேட்டு அவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. பதினான்கு டேக். இயக்குநர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "சார், கொஞ்சம் டீ சாப்பிடுங்க" என்றார். டீ குடித்துவிட்டு வந்தபோது என் வரிகளைத் தலையாரியாக நடித்தவருக்கு மாற்றியிருந்தார்கள். தெருக்கூத்திலிருந்து வந்தவர் அவர். பேப்பரை வாங்கி இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார், பேசி முடித்தார். படத்தில் நான் இரண்டு இடத்தில் தலையாட்டுகிறேன். அந்த இயக்குநரின் ஆபீஸிலிருந்து எனக்கு மறுபடி போன் வரவில்லை.

இன்றைக்கும் அந்தப் படம் டிவியில் வந்தால் ரிமோட்டைத் தேடுகிறேன். என் மனைவி வேண்டுமென்றே அதை ஒளித்துவைப்பாள்.

அப்புறம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பேப்பர் வந்ததும் என் வசனத்தையும் எதிராளி வசனத்தையும் என் கையாலேயே எழுதிக்கொள்வேன். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் போட மாட்டேன். எங்கே நிறுத்துவது என்பது பேசும்போது தானாக விழட்டும். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொல்லிப் பார்ப்பேன். கை வேறு வேலையில் இருக்கும்போது தடுமாறாமல் வந்தால் வசனம் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். நேரமே இல்லாத நாளில் அசோசியேட்டிடம், "தம்பி, எனக்கு அடி மட்டும் எடுத்துக் கொடு, முழுசா சொல்லாதே" என்பேன். ஒரு சொல் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன். அவர்களுக்கும் தொண்டை மிச்சம்.

இதில் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது ஒன்று. அந்த மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் இது தப்பு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

கேட்காமல் முடி வெட்டுவது

வாசலுக்குள் நுழையும் ஷாட் இன்றைக்கு எடுத்திருப்பார்கள், அதே சீனில் உள்ளே வந்து உட்காரும் ஷாட் அடுத்த வியாழக்கிழமை. நடுவில் முடியையோ மீசையையோ தொடாதீர்கள்.

பணம் கட்டி வேடம் வாங்குவது

நடித்தால் நமக்குப் பணம் தருவார்கள். நாம் தர வேண்டும் என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சினிமா கூப்பிட்டதும் சீரியலை உதறுவது

உடனே எல்லோரும் விஜய் சேதுபதி பெயரைச் சொல்வார்கள். அவர் சீரியலில் நடித்தவர்தான். கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு எழுதும் வேலையில் இருந்துகொண்டு நடிகர்களைக் கவனித்தவர், படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர். தென்மேற்குப் பருவக்காற்று வந்தது 2010இல். அதற்கு முந்தைய வருடங்களை யாரும் எண்ணுவதில்லை. டெல்லி கணேஷ் விமானப்படையில் வேலை பார்த்தவர், நாடகமேடையில் ஊறியவர். அதன் பிறகுதான் பாலசந்தர் படத்தில் அறிமுகமானார். ஒரு படத்தில் நண்பன் வேடத்துக்கு வாய்வார்த்தையாகக் கூப்பிட்டார்கள் என்று ஓடுகிற தொடரை விட்டுவிட்டு வந்த மூன்று பேரை எனக்குத் தெரியும். மூன்று படங்களில் இரண்டு தொடங்கவே இல்லை.

நாள் சம்பளத்தை மாதச் சம்பளமாக நினைப்பது

நமக்கு நாள் கணக்குத்தான். இந்த மாதம் இருபது நாள் கூப்பிடுவார்கள். அடுத்த மாதம் டி.ஆர்.பி. இறங்கினால் உங்கள் பாத்திரத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இல்லையென்றால் போட்டோவுக்கு மாலை போட்டுவிடுவார்கள். நடித்த நாளுக்கான பணமும் உடனே வராது. நான் கார் லோன் போட்ட மூன்றாவது மாதம் எனக்கு மாலை விழுந்தது. மாலை போடுகிற சீனுக்கு என்னைக் கூப்பிடவில்லை. போட்டோ போதுமே, பேட்டா (நாள் படி) மிச்சம்.

அந்தப் பையனிடம் அன்று இவ்வளவும் சொல்லவில்லை. பஞ்சாயத்துச் சீனை மட்டும் சொன்னேன். பாட்டி வந்த இடத்தில் சிரித்தான். மறுநாள் காலை ஏழே முக்காலுக்கெல்லாம் வந்து மேனேஜரிடம் சீன் பேப்பர் கேட்டுக்கொண்டு நின்றான். மேனேஜர் போனைக் காட்டினார். எழுத்தாளர் இன்னும் டைப்பிங்கில் இருந்தார்.