ஆர்சி டூரிங் காரின் சஸ்பென்ஷனைச் சீரமைக்கும் முறை

ஆர்சி (ரேடியோ மூலம் இயக்கப்படும்) 1/10 அளவு டூரிங் காரின், அதாவது சாலை போன்ற பாதையில் ஓட்டும் மாதிரிப் பந்தயக் காரின், சஸ்பென்ஷனில் கை வைப்பதற்கு முன், பேட்டரி உட்பட அனைத்தையும் பொருத்தி, சமதளப் பலகையில் நிறுத்தி, இடப்பக்க எடையும் வலப்பக்க எடையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதைத் தவிர்த்தால் அடுத்துச் செய்யும் எந்த மாற்றமும் நம்பத்தக்கதாக இராது. தரையிலிருந்து அடித்தட்டின் உயரத்தை 5 முதல் 5.5 மில்லிமீட்டராகவும், நெகட்டிவ் கேம்பரை (சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணத்தை) சுமார் 2 டிகிரியாகவும் வைத்துத் தொடங்கலாம்.

வளைவில் கார் திரும்ப மறுத்து வெளிப்பக்கம் விலகினால், முதலில் டயர் தேய்மானத்தைப் பாருங்கள் (பெரும்பாலோர் மறப்பது இதைத்தான்). பிறகு முன் ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்குங்கள் அல்லது பின் ஸ்பிரிங்கை ஒரு படி கடினமாக்குங்கள். பின்பகுதி சறுக்கினால் நேர்மாறாகச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ஷாக் எண்ணெய் (அதிர்வுதாங்கிக்குள் இருக்கும் எண்ணெய்) வெப்பத்தில் நீர்த்துவிடும் என்பதால், காலையில் சீராக ஓடிய கார் நண்பகலில் துள்ளினால், சற்று அடர்த்தியான எண்ணெய்க்கு மாறுங்கள்.