இந்த வெயிலிலும் எஞ்சினுக்குள் பனி உறையும்

விமானி ஆக வேண்டும் என்று வரும் மட்டக்களப்புப் பிள்ளைகள் வருடாவருடம் அதே பிழைகளோடுதான் வருகிறார்கள். ஒயில் பார்க்க மறப்பதையெல்லாம் எவரும் திருத்துவார்கள், அவற்றை விடுகிறேன்.

பனியை நம்ப மறுப்பது

“சேர், எங்கள் ஊர் வெயிலில் ஏது பனி?” என்று ஒரு தம்பி சிரித்தார். உள்ளங்கையில் துளி ஸ்பிரிட் விட்டு ஊதச் சொன்னேன். “குளிர்கிறது சேர்.” காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் நடப்பதும் அதுதான். ஒடுங்கிய கழுத்தில் காற்று வேகமெடுக்க, அழுத்தம் விழுகிறது. தெளிக்கப்படும் பெற்றோல் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. வெப்பநிலை 30 பாகைக்கு மேல்கூட இறங்கலாம். வெளியே 28 பாகை என்றாலும் உள்ளே உறைநிலை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே, மாரியில் கொடியில் போட்ட துணி காயாத ஊர் இது. அந்த ஈரம், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திரொட்டில் தட்டில் பனியாகப் படிந்து காற்றுப் பாதையை அடைக்கிறது.

தரையிறங்க வலுவைக் குறைக்கும்போது தட்டு ஏறக்குறைய மூடியிருக்கும். ஆபத்து அப்போதுதான் அதிகம். செஸ்னா 150 போன்ற சிறு பயிற்சி விமானத்தில் முதல் அடையாளம், எஞ்சின் சுற்று வேகம் மெல்லக் குறைவது. புதியவர்கள் திரொட்டிலைச் சற்றுக் கூட்டிச் சமாளிக்கிறார்கள். பனி வளர்ந்துகொண்டே போகிறது.

எனக்கு இன்றும் கோபம் வருவது அடுத்ததற்குத்தான். கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்புரேட்டர் ஹீட் பிடியை இழுத்ததும் சுற்று இன்னும் விழும், ஏனெனில் சூடான காற்று அடர்த்தி குறைந்தது. உருகிய நீர் சிலிண்டருக்குள் போக, எஞ்சின் உதறும். உடனே பயந்து பிடியைத் திரும்பத் தள்ளிவிடுகிறார்கள்! பனி கரைகிறது என்பதற்கு அந்த உதறலே சாட்சி. முழுதாக இழுங்கள்; சுற்று மீளும்வரை திரும்பத் தள்ளாதீர்கள். இறங்கும் உயரத்தில் எஞ்சின் நின்றால், இரண்டாம் வாய்ப்புக்கு நேரம் இருக்காது.

மோட்டார் சைக்கிள் கணக்குப் போடுவது

மோட்டார் சைக்கிள் எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்றுமே, 100 குதிரைவலு விமான எஞ்சின் ஏன் நிமிடத்துக்கு 2,750 சுற்றைத் தாண்டுவதில்லை என்று கேட்கிறார்கள். புரொப்பெல்லர் நேரே எஞ்சினின் வளைதண்டில் பூட்டப்பட்டிருக்கிறது; எஞ்சின் சுற்றும் வேகத்தில்தான் அதுவும் சுற்றும். அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினால் இரைச்சல்தான் மிஞ்சும், இழுவை வராது.

புரொப்பெல்லர் இருந்தால் பிஸ்டன் என்பது

இங்கே வந்திறங்கும் செஸ்னா கரவன் விமானத்துக்கும் புரொப்பெல்லர் உண்டு; ஆனால் அதைச் சுழற்றுவது பிஸ்டன் அல்ல, சூடான வாயுவால் சுழலும் டர்பைன்.

சுவிட்ச் அணைந்ததென்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிப் பார்ப்பது

கூடவே கூடாது. எஞ்சினில் தீப்பொறியை உண்டாக்கும் மக்னீட்டோவுக்குப் பற்றரி தேவையில்லை. சுவிட்சை அணைக்கும்போது மக்னீட்டோவை நிறுத்தும் தரையிணைப்புக் கம்பி அறுந்திருந்தால், கையால் சுற்றினாலே எஞ்சின் இயங்கத் தொடங்கிவிடலாம்.