செட்டிநாட்டு வீட்டில் தங்கப் போகிறீர்களா?

ராத்திரி பத்து மணிக்கு வந்து படுத்து, காலையில் இட்லியைச் சாப்பிட்டதும் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பிவிடுவது. ஹோட்டலாக மாறிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளுக்கு வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். இந்த வீடுகளைப் பார்க்கப் பகல் வேண்டும். ஒரு பிற்பகலாவது வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றித் தூண்களோடு ஓடும் தாழ்வாரத்தில், சும்மா உட்காருங்கள். முற்றத்தில் இறங்கும் வெயில் ஒவ்வொரு தூணாகத் தொட்டு நகர்வதைப் பார்க்கத்தான் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தான் வரை வருகிறோம்.

அடுத்தது, "இவ்வளவு வாடகை வாங்கிட்டு அறை இத்தனூண்டா?" என்ற சண்டை. அந்தக் காலத்தில் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் வளவை ஒட்டி ஓர் அறை ஒதுக்குவார்கள். சீர் சாமானை வைத்துப் பூட்டத்தான் அது பெரும்பாலும் பயன்பட்டது. மனிதர்கள் புழங்கியதெல்லாம் முகப்பிலும் பட்டாலை என்னும் கூடத்திலும் வளவிலும்தான். அதனால் அறையின் அளவை விட்டுவிட்டு, அது வீட்டின் எந்தக் கட்டில் (முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்று பிரித்த பகுதியில்) இருக்கிறது, மாடியா கீழா என்று கேட்டு முன்பதிவு செய்யுங்கள். பழைய மாடிப்படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் கீழ்த்தளமே நல்லது.

கறுப்பரிசியில் செய்யும் இனிப்பான கவுனி அரிசி வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அது நெடுநேரம் ஊற வேண்டிய அரிசி, இலையில் உட்கார்ந்தபின் கேட்டால் யாராலும் செய்து தர முடியாது.

தரையில் பெட்டியை இழுக்காதீர்கள், தூக்குங்கள். அங்கே பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்தது. எலுமிச்சைச் சாறு சிந்தினால்கூட அரித்துவிடும். உடனே துடையுங்கள்.

சுவரிலும் கதவிலும் எதையும் ஒட்டவும் வேண்டாம். ஒரு வீட்டில், பர்மாத் தேக்குக் கதவில் செதுக்கிய கொடிக்கு நடுவே ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. எனக்கு மனசு கேட்கவில்லை, நகத்தால் மெல்லச் சுரண்டினேன். பொட்டோடு பாலிஷும் உரிந்து வந்தது.

பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறதே என்று திண்ணை ஏறிப் படம் எடுப்பவர்களும் உண்டு. கைவிட்ட வீடென்று நினைக்காதீர்கள். பல பங்காளிகளுக்குப் பொதுவான வீடாக இருக்கும். கல்யாணத்துக்கும், முன்னோர்க்குப் படையலிடும் படைப்புக்கும் எல்லோரும் வந்து திறப்பார்கள். காவலுக்கு இருப்பவரிடம் "உள்ளே பார்க்கலாமாண்ணே?" என்று கேளுங்கள். சரி என்றால், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.