லேசரில் வெட்டிய அக்ரிலிக் வெடிக்காமல் பெட்டி செய்ய

புறக்கோட்டையில் அக்ரிலிக் ஷீட் வாங்கி, லேசரில் வெட்டுவித்து, மின்சுற்றுக்குப் பெட்டி செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரைபடம் போடுவது, வெட்டக் கொடுப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விளிம்பில் விழும் வெடிப்பைப் பற்றித்தான் பேசவேண்டும்.

1. ஷீட் வாங்கும்போது ‘காஸ்ட்’ (அச்சில் வார்த்தது) கேளுங்கள். ‘எக்ஸ்ட்ரூட்’ (உருக்கிப் பிதுக்கியது) மலிவு, ஆனால் சீக்கிரம் வெடிக்கும்.

2. வெட்டி வந்ததும் விளிம்பில் புகைக்கறை இருக்கும். அதை ஸ்பிரிட்டால் துடைக்கவே வேண்டாம். பெட்டிகள் பாழாவது பெரும்பாலும் இங்கேதான்: துடைத்த கொஞ்ச நேரத்திலேயே விளிம்பெங்கும் மயிரிழைக் கீறல்கள் ஓடும்.

லேசர் விளிம்பை உருக்குகிறது. உருகிய படை ஆறிச் சுருங்கப் பார்க்கும். சூடேறாத உட்பகுதி அதை விடாது. அதனால் விளிம்பு எப்போதும் இழுபட்டபடியே இருக்கும். ஸ்பிரிட் அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து பிடியைத் தளர்த்துகிறது. நுண்கீறல் திறக்கிறது, திரவம் இன்னும் ஆழம் போகிறது, கீறல் வெடிப்பாகிறது. இரசாயனத் தாக்கம் எதுவும் இல்லை, பிணைப்பு எதுவும் அறுவதில்லை. நம்பாவிட்டால் ஒரு மெல்லிய துண்டை வளைத்துக் கட்டி, வெளிவளைவில் ஸ்பிரிட் விட்டுப் பாருங்கள். வளைக்காத துண்டிலும் ஒரு சொட்டு விடுங்கள். அதில் ஸ்பிரிட் சும்மா காய்ந்துபோகும்.

கறைக்குச் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். எந்த ஸ்பிரேயையும்விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

3. ஒட்டுவதற்கு முன் ஓவனில் 80 பாகை செல்சியஸில் சில மணிநேரம் வையுங்கள். பிறகு கதவைத் திறக்காமல் ஆறவிடுங்கள். இழுவிசை தளர்ந்துவிடும். குமிழில் உள்ள எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வையுங்கள். 100 பாகையைத் தாண்டினால் துண்டு வளைந்துவிடும். ஒட்டும் திரவமும் ஸ்பிரிட்டைப்போல் ஒரு கரைப்பான்தான் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்கக்கூடாது.

4. ஓட்டை ஸ்குரூவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். கூம்புத் தலை ஸ்குரூ ஓட்டையை ஆப்புப்போல் பிளக்கும். அடி தட்டையான தலையே நல்லது.

பின்சேர்க்கை: ஸ்பிரிட் தொடாமலே ஓட்டையைச் சுற்றி வெடித்ததாக வெள்ளவத்தை வாசகர் ஒருவர் எழுதினார். நட் இளகாதிருக்க அவர் விட்ட நீலப் பசைதான் காரணம். அது காற்றுப்படாத உலோக இடுக்கில்தான் இறுகும். வழிந்த மிச்சம் திரவமாகவே பிளாஸ்டிக்கில் ஊறும். நைலோன் வளையமுள்ள நட் போடுங்கள். மென்மையான பிவிசி வாஷரும் வேண்டாம், அதிலுள்ள மென்மையாக்கி நாளடைவில் அக்ரிலிக்குள் இறங்கும். சிலிக்கோன் வாஷர் வாங்குங்கள்.