லூயிஸ் ஏரிக்குப் போனால் கரையோடு திரும்பிவிடாதீர்கள்

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் இருக்கும் லூயிஸ் ஏரியை, ஓட்டல் வாசலில் நின்று படம் எடுத்ததோடு முடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வலப்பக்கக் கரையோரம் சமதளப் பாதைதான். சுமார் 2 கி.மீ. நடந்தால் ஏரியின் மறுமுனை. பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்து, ஓடைநீர் பால்போல வெளுத்து ஏரியில் விழுவதை அங்கே கிட்டத்தில் பார்க்கலாம். ஏரியின் நீலப்பச்சை நிறத்துக்குக் காரணமே அந்தத் தூள்தான்.

கால் ஒத்துழைத்தால் ஆக்னஸ் ஏரிக்கு ஏறுங்கள். ஒருவழி 3.5 கி.மீ., கிட்டத்தட்ட 400 மீட்டர் ஏற்றம். மேலே தேநீர் விடுதி உண்டு, கோடையில் மட்டும்; 1901-இல் கட்டியதை 1981-இல் திரும்பக் கட்டினார்கள். ஜூனிலும் மேல்பாதையில் பனி கிடக்கலாம், செருப்போடு போகாதீர்கள்.

அப்புறம், கரடி ஸ்பிரே, அதாவது கரடி நெருங்கினால் அடிக்கும் மிளகாய்க் காரத் தெளிப்பான். விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேயே வாங்குங்கள். பைக்குள் போட்டால் வாங்கியதே வீண், இடுப்பில் தொங்கட்டும். கரடிக்கு நீங்கள் வருவது தெரியும்படி பேசிக்கொண்டே நடங்கள்.

கோடையில் பார்க்கிங் விடியும் முன்பே நிரம்பிவிடும். ஷட்டில் பஸ்ஸை முன்பதிவு செய்துவிடுங்கள். பக்கத்து மொரெய்ன் ஏரிச் சாலையில் 2023 முதல் சொந்தக் காருக்கு அனுமதியே இல்லை.