பவர் வீடருக்குக் கழற்றி மாட்டும் பெட்ரோல் வால்வு: ஒரு துண்டு டியூபில் நான் செய்த இரண்டு தப்பு

போன ஆடியில் கத்தரிக்குக் களை எடுக்கலாம் என்று பவர் வீடரைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தேன். ஆயில் பார்க்கும் குச்சியை உருவினால், ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது.

இரண்டு மாதம் சும்மா நின்ற வண்டியில், டேங்கில் இருந்த பெட்ரோல், அதைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் வழியாக இறங்கி, சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் ரிங் இடுக்கில் கசிந்து ஆயிலோடு கலந்திருக்கிறது. கழிப்பறை ஃபிளஷ் டேங்கில் பந்து மிதந்து தண்ணீரை அடைக்கிறதே, கார்புரேட்டர் கிண்ணத்துக்குள்ளும் அதே வேலைதான் நடக்கிறது. ஃப்ளோட் என்கிற மிதவை மேலே வந்தால், நீடில் என்கிற ஊசி பெட்ரோல் வரும் ஓட்டையை அடைக்கும். நீடில் நுனியில் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், அடைப்பு அடைப்பாக இருக்காது. பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும்.

"கார்புரேட்டரிலேயே காக், அதாவது பெட்ரோலை மூடும் திருகு, இருக்கிறதே, அதை மூடினால் போதாதா?" என்று கேட்பீர்கள். என் வண்டியில் அதுவும் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்து, மூடினாலும் சொட்டுகிறது. இன்னொரு தொல்லை, கார்புரேட்டரைச் சுத்தம் செய்யக் கழற்றினால் காக்கும் கூடவே கழன்று வந்துவிடும். டேங்க் பெட்ரோல் முழுக்க முழங்கை வழியாக ஓடும். அதனால் டேங்கின் அடியில், டியூப் நடுவே இன்னொரு வால்வு. தேவைப்பட்டால் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டுகிற மாதிரி. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் எஞ்சினிலும் ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் முதலில் ஸ்டார்ட் செய்யும் ஆசையை விடுங்கள். பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப் போயிருக்கும், பேரிங்கைக் காப்பாற்றாது. பழையதை முழுக்க வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். 5.5 குதிரைத்திறன் எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட 600 மில்லி பிடிக்கும். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, சுவிட்சை ஆஃபில் வைத்துக் கயிற்றை நாலு தடவை மெதுவாக இழுத்தால், சிலிண்டரில் தேங்கிய பெட்ரோல் பிளக் ஓட்டை வழியே வெளியே பீய்ச்சும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை

வால்வு: இரண்டு பக்கமும் டியூப் மாட்டும் மூக்கு, நடுவில் உடம்பு, மேலே திருகும் பிடி. பித்தளை கிடைத்தால் பித்தளையே வாங்குங்கள். நீட்டுக் கைப்பிடி வைத்தது வேண்டாம், குட்டையான திருகு போதும். கத்தரிச் செடியின் கிளை நீட்டுப் பிடியில் மாட்டி வரிசை நடுவில் மூடிவிடும், பார்த்திருக்கிறேன்.

டியூப்: பழையதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். 2022 ஜூனில் 10 சதவீதம், 2025இல் 20 சதவீதம் என்று கலப்பு ஏறிவிட்டது. எத்தனால் பட்டால் சில பழைய ரப்பர்கள் இறுகி வெடிக்கும், சில உப்பிப் போகும். டியூபை விரலில் வளைத்துப் பாருங்கள், மேலே மயிரிழை போலக் கீறல் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். புது டியூபின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 என்று பெட்ரோல் டியூபுக்கான தரக் குறியீடு அச்சிட்டிருக்கும். அதில் ஆர்7 சாதாரண வேலைக்குப் போதும். ஆர்9 கிடைத்தால் எத்தனாலை இன்னும் நன்றாகத் தாங்கும்.

அளவு: கடையில் "கால் இஞ்ச்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சில எஞ்சினில் டியூபின் உள் விட்டம் 4.5 மில்லிமீட்டர், சிலவற்றில் 5, சிலவற்றில் 6. ட்ரில் பிட்டின் பின்பக்கத்தைப் பழைய டியூபுக்குள் விட்டுப் பாருங்கள். தள்ளாமல் விழுந்தால் சின்ன பிட், உள்ளேயே போகாவிட்டால் பெரிய பிட். லேசாக உரசிக்கொண்டு போகிற பிட்டின் எண்தான் உங்கள் அளவு. வால்வின் மூக்கும் அதற்குப் பொருந்த வேண்டும்.

கிளிப்: இரண்டு காது வைத்த ஸ்பிரிங் கிளிப், நாலு. திருகி இறுக்கும் ஓஸ் கிளிப் இந்தச் சின்ன டியூபுக்கு எனக்குப் பிடிக்காது. அளவு மீறி இறுக்கிவிடுவோம், டியூபின் தோல் கிழியும். நாம் கழற்றி மாட்டப் போகிறோம் என்பதால், பிளேயரால் காதை அமுக்கினால் நகர்கிற ஸ்பிரிங் கிளிப்தான் வசதி.

வேலை

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிளக் கேப்பைப் பிடுங்கி ஓரமாக வையுங்கள். வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். நான் திண்ணையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். விளக்கு வைக்கும் நேரம். அம்மா கையில் தீப்பெட்டியோடு வாசலுக்கு வந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்தது, களத்துக்கு மாறினேன்.

டேங்கைக் காலி செய்யுங்கள். பெட்ரோலை ஒரு கேனில் பிடித்து மூடி தள்ளி வையுங்கள். டியூபை வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கும் பிளேயர்) நசுக்கிப் பிடித்துக்கொண்டு வேலையை முடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். நசுங்கிய இடத்தில் டியூபின் உள்தோல் விரியும். அது இன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்துத் தெரியும்.

பழைய டியூபைக் கழற்றி, அதே நீளத்துக்குப் புது டியூபை வெட்டிக்கொள்ளுங்கள். இனிமேல்தான் என்னைக் கவிழ்த்த இடம்.

முதல் தடவை டியூபை நடுவில் ஒரு வெட்டு வெட்டி, இரண்டு பக்கமும் வால்வைச் செருகினேன். அவ்வளவுதானே என்று இருந்தேன். ஸ்டார்ட் ஆனது. மூன்று, நான்கு நிமிடம் ஓடியது, இருமியது, நின்றது. பத்து நிமிடம் கழித்து இழுத்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். பிளக்கை மாற்றினேன். காற்று ஃபில்டரைக் கழுவினேன். ஒரு நாள் முழுக்கப் போனது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்தார். முதலில் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு ஓட்டச் சொன்னார். மூடியில் இருக்கும் மூச்சு ஓட்டை அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்கிய இடத்துக்குக் காற்று வராமல் இதே மாதிரிதான் நிற்கும். அது இல்லை, திறந்து வைத்தும் நின்றது. அப்புறம் குனிந்து பார்த்தவர், "ஏந் தம்பி, டியூபு ஒட்டகம் மாதிரி நிக்குது?" என்றார்.

பார்த்தால் உண்மைதான். வால்வின் உடம்பு கூடுதலாக நடுவில் வந்து உட்கார்ந்ததால், டியூப் அந்த அளவுக்கு நீண்டு, மேலே திமில் மாதிரி வளைந்திருந்தது. திமிலின் உச்சியில் காற்றுக் குமிழி நிற்கும். இந்த எஞ்சினில் பம்ப் எதுவும் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, நடுவில் ஒரு சாண் உயரம்தான். அந்த உயரம் தரும் அழுத்தத்தால் குமிழியைத் தள்ள முடியாது. கிண்ணத்தில் இருந்த பெட்ரோலைக் குடித்து எஞ்சின் ஓடியது, தீர்ந்ததும் நின்றது. பத்து நிமிடத்தில் மெல்லக் கசிந்து கிண்ணம் நிறைந்தது, மறுபடி ஓடியது.

சரி, வால்வின் நீளத்துக்கு டியூபை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று புரிந்துகொண்டேன். வால்வை முனையிலிருந்து முனை அளந்தால் 54 மில்லிமீட்டர். 54 மில்லியையும் வெட்டி எறிந்தேன். இது இரண்டாவது தப்பு. டியூப் விறைப்பாகத்தான் எட்டியது, எப்படியோ இழுத்து மாட்டிவிட்டேன். வீடரை மண்ணில் இறக்கி ஒரு வரிசை முடிப்பதற்குள், அதிர்வில் வால்வின் கீழ் மூக்கிலிருந்து டியூப் நழுவிவிட்டது. பெட்ரோல் கொட்டியது. சைலன்சர் மறுபக்கம் இருந்ததால் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு இதுதான். மூக்கு இரண்டும் டியூபுக்குள் போய்விடுகிறது. அதனால் அவற்றின் நீளத்தை வெட்டக் கூடாது. வெளியே தெரிகிற உடம்பின் நீளத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். என் வால்வில் மூக்கு ஒவ்வொன்றும் 17 மில்லி, உடம்பு 20. ஆக 20 மில்லிதான் வெட்ட வேண்டியது. நான் வெட்டிய 54இல் 34 மில்லி அநியாயம். புதிதாக இன்னொரு டியூப் வாங்கி 20 மில்லி எடுத்தேன், வளைவும் இல்லை, விறைப்பும் இல்லை.

வெட்டுவதற்குப் புது பிளேடு. கட்டிங் பிளேயரால் நறுக்கினால் வாய் நசுங்கிக் கோணலாகும். டியூபை ஒரு மரத்துண்டில் வைத்து, நேராக, ஒரே அழுத்தில். கிளிப்பை முன்கூட்டியே டியூபில் கோத்துவிடுங்கள். மாட்டிய பிறகு ஞாபகம் வந்தால் மறுபடி கழற்றத்தான் வேண்டும்.

மூக்கைச் செருகும்போது இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, திருகிக்கொண்டே தள்ளுங்கள். காய்ந்த டியூபில் முரட்டுத்தனமாகக் குத்தினால், மூக்கில் இருக்கும் வரிகள் உள்பக்கத்து ரப்பரை வழித்துவிடும். அந்தச் சுருணை அரிசி முனை அளவுதான் இருக்கும். நேராகப் போய் நீடிலில் உட்காரும். எதை நிறுத்த வால்வு போட்டோமோ அதையே நாம் கையால் வரவழைத்த மாதிரி ஆகும். அதனால் கார்புரேட்டர் பக்கத்தைக் கடைசியாக மாட்டுங்கள். அதற்கு முன் டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, வால்வைத் திறந்து, ஒரு கண்ணாடி பாட்டிலில் 100 மில்லி பிடியுங்கள். துகள் இருந்தால் அடியில் தெரியும்.

இதிலேயே இன்னொரு சோதனையும் முடிந்துவிடும். 5.5 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் குடிக்கும், அதாவது நிமிடத்துக்கு 25 மில்லி. உங்கள் 100 மில்லி ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் தேவையைப் போல் நான்கு மடங்கு வருகிறது, கவலை இல்லை. இரண்டு, மூன்று நிமிடம் இழுத்தால் வால்வின் உள் ஓட்டை சின்னது, அல்லது டேங்க் அடியில் இருக்கும் வலை அடைத்திருக்கிறது.

ஃபில்டர் போடுவதாக இருந்தால் வால்வுக்குக் கீழே போடுங்கள், வால்வை மூடிவிட்டு மாற்றலாம். உள்ளே நைலான் வலை இருப்பதை வாங்குங்கள். காகித ஃபில்டர் பம்ப் இருக்கும் வண்டிக்கு, இந்த ஒரு சாண் அழுத்தத்துக்கு அது அதிகம்.

கிளிப்பை டியூப் முனையிலிருந்து இரண்டு, மூன்று மில்லி உள்ளே தள்ளி நிறுத்துங்கள். டியூப் எங்கும் சைலன்சர் பக்கம் சாயக் கூடாது. வால்வைத் திறந்து, கால் மணி நேரம் ஸ்டார்ட் செய்யாமல் விட்டு, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த விரலால் தடவி மோந்து பாருங்கள். அப்புறம்தான் பிளக் கேப்.

கழற்ற வேண்டி வந்தால் வால்வை மூடி, கீழ்ப்பக்க டியூபைத் திருகி உருவுங்கள். நேராக இழுத்தால் வராது, கிழியும். வால்வையே எடுக்க வேண்டுமானால் டேங்கைக் காலி செய்யுங்கள், அல்லது மேல் டியூபில் செருக அளவான ஒரு வழவழப்பான போல்ட்டைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் சுவிட்சை ஆஃப் செய்து எஞ்சினை நிறுத்துவதை விட்டுவிட்டேன். வால்வை மூடுகிறேன், எஞ்சின் கிண்ணத்தில் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானே நிற்கிறது. மாதக்கணக்கில் நின்றாலும் கிண்ணத்தில் பெட்ரோல் காய்ந்து அவ்வளவாகப் பிசின் பிடிக்காது, ஜெட் என்கிற சின்னப் பெட்ரோல் துளை லேசில் அடைக்காது.

பிறகு சேர்த்தது

பிரஷ் கட்டருக்கு இதைப் போடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். அதன் கார்புரேட்டர் வேறு வகை, டயஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வை வைத்துப் பெட்ரோலைத் தானே உறிஞ்சும். உறிஞ்சும் டியூபில் ஒரு மூட்டைக் கூடுதலாக வைத்தால் அங்கே காற்று புகும் வாய்ப்பும் கூடும். ஆயில் பெட்ரோலோடு கலந்து வருகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்று அதிகமானால் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஒருவர் ஆர்.ஓ. குடிநீர் மெஷினின் வால்வை மாட்டியிருக்கிறார், கால் இஞ்ச்தானே என்று. அளவு சரிதான், ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தண்ணீருக்கானது. பெட்ரோலில் ஊறினால் அது தாங்கும் என்று நம்பி எஞ்சின் மேல் வைக்க முடியாது. இன்னொருவர் கொத்தனார் மட்டம் பார்க்கும், கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டியூபைப் போட்டுவிட்டு, "பெட்ரோல் ஓடுவது தெரிகிறது, நன்றாக இருக்கிறது" என்றார். கொஞ்ச நாளில் மஞ்சளாகிக் குச்சி போல விறைத்துவிட்டது என்று அவரே வந்து எழுதினார்.

அதிகம் பேர் எழுதியது இது: "நீங்கள் சொன்னபடியே செய்தேன், இரண்டு நிமிடம் ஓடி நிற்கிறது." விசாரித்தால் பாதிப் பேர் வால்வைத் திறக்கவே மறந்திருக்கிறார்கள். நானும் மறந்திருக்கிறேன், இருபது தடவை கயிறு இழுத்து தோள்பட்டை வலித்த பிறகு ஞாபகம் வந்தது. இப்போது வால்வை மூடும்போதெல்லாம் ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுகிறேன். அதை அவிழ்க்காமல் கயிற்றில் கை வைக்க முடியாது.