கோயில் சவுண்டுக்குப் போகும் லப்டொப்பை ஆயத்தப்படுத்துவது எப்படி?

வன்னியில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வந்தால் பிறகு ஊர்க் கோயில்களும் ஒவ்வொன்றாகத் தொடங்கிவிடும். அதற்கு முதல் இந்த வேலையை முடித்து வையுங்கள்.

லப்டொப்பில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் உபயகாரர் பூசை பார்க்க அதே லப்டொப்புக்கு வீடியோ கோல் எடுப்பார். கோல் பட்டதும் குழாயில் பாட்டு முனகலாகிவிடும். அம்பிளிபையரையும் வயரையும் பிடித்து ஆட்டுவீர்கள், அங்கே ஒரு பழுதும் இருக்காது. விண்டோஸ் 7 இலிருந்து உள்ள ஒரு செற்றிங்தான் காரணம். கோல் நடப்பது தெரிந்தால் மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும்படி அது ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் இருந்து கதைப்பவருக்கு அது உதவி. கோயிலுக்கு ஆகாது.

கொன்ட்ரோல் பனலில் ‘சவுண்ட்’ என்பதைத் திறவுங்கள். மேலே பிளேபாக், ரெக்கோர்டிங், சவுண்ட்ஸ், கம்யூனிகேஷன்ஸ் என்று நாலு தலைப்பு இருக்கும். கம்யூனிகேஷன்ஸைத் தட்டி, கீழே கடைசியாக இருக்கும் ‘டூ நத்திங்’ என்பதைத் தெரிவு செய்து ஓகே கொடுங்கள். சவுண்ட்ஸ் தலைப்பில் ‘நோ சவுண்ட்ஸ்’ என்று மாற்றிவிட்டால், அபிஷேகத்துக்கு நடுவே விண்டோஸின் ‘டிங்’ சத்தமும் வராது.

பூசையை ஸூமில் நேரலையாக விடுபவர்கள் மைக்கையும் கவனிக்க வேண்டும். மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி ஸூமின் ஓடியோ செற்றிங்கில் இருக்கிறது. ஐயர் மெதுவாக மந்திரம் சொல்லும்போது அது அளவை ஏற்றும். அந்த நேரம் பார்த்துத் தவிலும் நாதஸ்வரமும் தொடங்கினால் சத்தம் உடைந்து, கேட்பவர் காதைக் கிழிக்கும். அந்த வசதிக்குப் பக்கத்தில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, அளவை மிக்ஸரில் நீங்களே கையால் பிடியுங்கள். தவில் அடி எப்போது விழும் என்று உங்களுக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது.

இதில் என் கருத்து இதுதான்: ஒரு மென்பொருள் தன்னுடைய சத்தத்தை ஏற்றட்டும், இறக்கட்டும். முழுக் கருவியின் அளவில் கை வைப்பதென்றால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும், முடிந்ததும் இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். இது முடியாத காரியம் இல்லை. 2007 இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலேயே ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி அளவு வந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கும் லினக்ஸில், சத்தத்தைக் கவனிக்கும் பல்ஸ்ஓடியோ என்ற மென்பொருளின் ‘பிளாட் வொலியும்’ முறை இதற்கு மாறானது. அதில் ஒரு மென்பொருள் தன்னை 100 ஆக்கினால் முழுக் கருவியும் 100 க்கு ஏறும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு அதை நிறுத்தி வைத்தது சரியான முடிவு. ஹோர்ன் (குழாய் ஸ்பீக்கர்) பூட்டிய கருவியில் அப்படி ஏறினால் முதலில் போவது ஹோர்னுக்குள் அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய டயபிராம். அந்தச் செலவு சவுண்ட்காரர் தலையில்தான் விழும்.

எல்லாம் மாற்றிய பிறகு, கோயிலுக்குப் போக முதல் வீட்டிலேயே ஒரு பாட்டைப் போட்டுவிட்டு உங்கள் போனிலிருந்து அந்த லப்டொப்புக்குக் கோல் எடுங்கள். பாட்டு அசையாமல் ஓட வேண்டும். இறங்கினால், கீழே ஸ்பீக்கர் படத்தில் வலது கிளிக் செய்து வொலியும் மிக்ஸரைத் திறவுங்கள். எந்த மென்பொருளின் அளவு குறைந்திருக்கிறது என்பது அங்கே தெரியும்.